அப்பா திரும்பிப் பார்த்த படம்

தம்பி செந்தில்,

நான் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு நீலக் குறி விழுகிறது. நீ படிக்கிறாய். படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறாய். அதனால்தான் இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் ஊர் குரூப்பிலும், துறைமுக குரூப்பிலும், உன்னோடு படித்த பையன்கள் வைத்திருக்கும் குரூப்பிலும் போடப் போகிறேன். அந்தப் படம் போன வழியிலேயே இந்தக் கடிதமும் போகட்டும். அம்மா மானத்தை வாங்கிவிட்டாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும், கோபத்திலாவது வாயைத் திறப்பாய். உன் மாமா முருகேசன், என் கூடப் பிறந்தவன், நாளை விடிகாலையில் மறுபடியும் தெற்கே கடலுக்குப் போகிறான். இந்தக் காற்றில் போகிறான். நீ கொடுத்த படத்தை நம்பிப் போகிறான். அவனை நிறுத்த என்னால் முடியவில்லை. உன்னால்தான் முடியும். நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் படிக்கிறவர்களுக்குப் புரியும், உனக்கும் உறைக்கும், அதனால் சொல்கிறேன்.

உன் அப்பா போன அன்று நீ சென்னையில் இருந்தாய். உனக்குத் தெரிந்ததெல்லாம் நாங்கள் போனில் அழுதுகொண்டே சொன்னதுதான். கூடப் போகிற ஆளுக்கு அன்று காய்ச்சல். நண்டு வலை முந்தின நாளே போட்டாயிற்று, எடுக்காமல் விட்டால் அத்தனையும் வீண். "ஒத்தையாப் போகாதீங்க" என்று சொன்னேன். "வலையத் தூக்கிப் போட்டுக்கிட்டு ஒடனே வாரேன், நீ கொழம்பக் கூட்டி வையி" என்றார். எப்போதும் போல அந்தச் சின்ன பைபர் படகில் ஏறிப் போனார். செல்வம் தன் படகில் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போயிருக்கிறான். சூரியன் கிளம்புகிற அழகைப் பார்த்துவிட்டு, ஸ்டேட்டஸ் வைக்கலாம் என்று போனை நீட்டி ஒரு போட்டோ எடுத்திருக்கிறான். பாதிப் படம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்தான் உன் அப்பாவின் படகு போய்க்கொண்டிருந்தது என்று அவன் சத்தியம் செய்தான். படத்தில் படகைக் காணோம். ஓரத்தில் கொஞ்சம் அலை, மூலையில் செல்வத்தின் விரல், அவ்வளவுதான் தெரிந்தது. மத்தியானம் காற்று எழும்பியது. செல்வம் கரைக்கு வந்தான், மற்றவர்கள் வந்தார்கள். உன் அப்பா வரவில்லை.

நம் கரையில் ஒருவர் வரவில்லை என்றால் முதலில் என்ன கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும். "புடிச்சுட்டாங்களா?" என்றுதான் கேட்பார்கள். வேறு எந்த ஊரிலாவது ஒரு பெண் தன் புருஷன் அடுத்த நாட்டு ஜெயிலில் இருக்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்வாளா? நான் வேண்டிக்கொண்டேன். காற்று தள்ளிக்கொண்டுபோய் எல்லைக்கோட்டுக்கு அங்கிட்டு விட்டிருக்கும், நேவிக்காரன் பிடித்திருப்பான், கோர்ட்டில் நிறுத்துவான், என்றைக்காவது ஒருநாள் விடுவான் என்று கணக்குப் போட்டேன். மீன்துறை ஆபீஸில் விசாரித்துவிட்டு, பிடிபட்டவர்களில் அவர் இல்லை என்றார்கள். அதைக் கேட்டு அந்த வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அங்கே நின்றிருந்த பெண்களின் புருஷன்மார் உண்மையிலேயே பிடிபட்டவர்கள். அவர்கள் என்னைத் தூக்கி நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார்கள். அவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது, தம்பி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை.

உன் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. "சினிமாவுக்கு லைட்டு போடுறான், ஆனா லைட்டும் கெடையாது ஒயரும் கெடையாது, எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள" என்று உன் அப்பா பெருமையோடு சொல்வார். போன லீவில் நீ வந்திருந்தபோது துறைமுகத்தில் செய்த கூத்து எல்லோருக்கும் நினைவிருக்கும். கண்ணாடி போலப் பளபளக்கிற ஒரு உருண்டையைக் கம்பியில் மாட்டி நட்டுவைத்துவிட்டு, அதை மங்கலாக ஒன்று, பளிச்சென்று ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டோ எடுத்தாய். ஐஸ் பிளாண்ட் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். "என்ன தம்பி, திருஷ்டிக்கா?" என்று ஒருவர் கேட்டார். "இந்த எடத்து வெளிச்சம் பூராவும் இந்த உருண்டையில விழுதுண்ணே. இத வச்சுத்தான் கம்ப்யூட்டர்ல செய்யிற போட்டுக்கு வெளிச்சம் குடுப்பேன்" என்று நீ சொன்னாய். அது சாயங்காலம். வெயில் ஊர்ப் பக்கமிருந்து கடல் மேல் அடித்துக்கொண்டிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அந்த லீவில்தான் நீ உன் அப்பாவையும் அவர் படகையும் கம்ப்யூட்டருக்குள் செய்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டே பார்த்தேன். அங்கன்வாடியில் பிள்ளைகளை மேய்க்கிறவள் நான். எனக்கே நீ பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாய். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தருகிற படத்தில் வெளிச்சம் உள்ளது உள்ளபடி இருக்குமாம். சூரியன் அதன் பலத்தோடு இருக்கும், படகின் அடித்தட்டு நிழல் அதன் மங்கலோடு இருக்கும். ஆனால் பார்க்கிற திரைக்கு அத்தனை பலம் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் திரைக்குள் அடங்கும்படி செய்ய வேண்டும், அதன் பெயர் டோன் மேப்பிங் என்றாய். "வெளிச்சத்த அமுக்குறதுன்னு சொல்லேன்டா" என்றேன். சிரித்துவிட்டு, சரிதான் என்றாய். எல்லாவற்றையும் ஒரேயடியாக அமுக்கினால் படம் வெளிறிப்போகும். மேலே இருப்பதை வெட்டிப் போட்டால் சூரியனைச் சுற்றி ஒன்றுமே இருக்காது. நிழலைக் கெடுக்காமல், பலமான வெளிச்சத்தை மட்டும் மெல்ல மெல்ல வளைத்து அடக்க வேண்டும் என்றாய். மாவு சலிக்கிறவள் மாதிரி நான் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன்.

பிறகு நீ செய்து காட்டியதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். திரையில் ஒரு இடம் வெள்ளையாக இருந்தது. நீ எதையோ பிடித்துக் கீழே இழுத்தாய். இழுக்க இழுக்க அந்த வெள்ளைக்குள்ளிருந்து சூரியனின் வட்டம் வந்தது, அதை ஒட்டி மேகத்தின் ஓரம் வந்தது, அதற்கும் கீழே கடல் முடிகிற கோடு வந்தது. "பாத்தியாம்மா, வெள்ளையாத் தெரியிற எடத்துலகூட எல்லாம் இருக்கு. நான் வெட்டாம வச்சிருக்கேன்" என்றாய். அமுக்கிய படம் மற்றவர்களுக்குக் காட்டுகிற நகல், அமுக்காத படத்தை மட்டும் யார் கேட்டாலும் அழிக்கக் கூடாது, அதன் மேல் எதையும் எழுதக் கூடாது, உங்கள் கம்பெனியில் முதல் நாள் சொல்லிக் கொடுத்ததே அதுதான் என்றும் சொன்னாய். என் காதில் அன்று ஏறியது வெள்ளைக்குள் எல்லாம் இருக்கிறது என்ற அந்த ஒரு வார்த்தைதான்.

உன் அப்பா கை கழுவிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "சூரியனும் தெரியணும், எம் மூஞ்சியும் தெரியணும்னா எப்புடிடா? கடல்ல ரெண்டுல ஒண்ணுதான் தெரியும்" என்றார். "படத்துல ரெண்டும் வேணும்ப்பா" என்றாய். "அப்ப அது கடல் இல்ல, போ" என்றார். அப்புறம் திரையில் சிரித்துக்கொண்டிருந்த தன் முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் என்னைக்குடா இப்புடிச் சிரிச்சேன், கேளு ஒங்கம்மாகிட்ட" என்றார். "தாலி கட்டுன அன்னைக்கே சிரிக்கல" என்று நான் சொன்னேன். மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். அந்த வீட்டில்தான் இப்போது நான் ஒருத்தி உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர் காணாமல் போனபிறகு நீ வந்து இறங்கியதுமே செல்வத்தின் போட்டோவை உன்னிடம் கொடுத்தேன். "இறக்குடா" என்றேன். உனக்குப் புரியவில்லை. "அன்னைக்கு இறக்குனியே, அது மாதிரி இறக்கு. அப்பா உள்ள இருக்காரு" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கினாய். வெள்ளையாக இருந்த இடம் சாம்பலாக மாறியது. இன்னும் இறக்கச் சொன்னேன். அடுப்புச் சாம்பலைத் தண்ணீர் ஊற்றிப் பூசிய மாதிரி ஆயிற்று. வட்டம் வரவில்லை, மேகம் வரவில்லை, கோடு வரவில்லை. "இதுல இல்லம்மா. இது போன் போட்டோ. சூரியன் அடிச்ச எடத்தை எடுக்கும்போதே போனு வெட்டிப்புடுச்சு. வெள்ளையாப் போனது வெள்ளைதான். உள்ள ஒண்ணும் இல்ல" என்றாய். சத்தியமான வார்த்தை. அதற்கு நான் என்ன பேச்சுப் பேசினேன்! முகம் தெரியாத சினிமாக்காரன் படத்துக்குள்ளே சூரியன், மேகம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறாய், பெற்ற அப்பனைத் தேடித் தர உனக்கு வலிக்கிறதா என்று கேட்டேன். சம்பளம் வாங்கினால்தான் இறக்குவாயா என்று கேட்டேன். சோற்றைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டேன். நீ என் தலைமாட்டில் உட்கார்ந்து, "இல்லம்மா, இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

அடுத்து நீ செய்ததை ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் வகுப்பு படிக்கும்போதே நீ அதைச் செய்திருக்கிறாய். ஒருநாள் அப்பா வர நேரமாகிவிட்டது, மழை வேறு. நான் வாசலில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதேன். நீ குடை கூட இல்லாமல் துறைமுகத்துக்கு ஓடினாய், ஓடிவந்து, "அம்மா, அப்பா போட்டு தெரியிது, வந்துக்கிட்டே இருக்காரு" என்றாய். அழுகையை நிறுத்திவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். அவர் வந்து சேர இருட்டிவிட்டது. படகு ரிப்பேராகிக் கோட்டைப்பட்டினத்தில் ஒதுங்கிக் கிடந்தது, பஸ்ஸில்தான் வந்தேன் என்றார். அப்போது நீ எந்தப் படகைப் பார்த்தாய் என்று நான் உன்னைக் கேட்கவே இல்லை. அவர்தான் வந்துவிட்டாரே. பொய் சொன்னாலும் அப்பா வந்துவிடுவார் என்று அன்றைக்கு நீ நினைத்துக்கொண்டாயோ என்னவோ.

நான் சாப்பிடாமல் கிடந்த இரண்டாம் நாள் சாயங்காலம் நீ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா, எந்திரி. இருக்கு" என்றாய். எழுந்து பார்த்தேன். வெள்ளையாக இருந்த இடத்தில் சூரியன் வட்டமாக இருந்தது. அதற்குக் கீழே படகு. படகின் மூக்கு தெற்கே திரும்பியிருந்தது. பின்பக்கத்தில் என்ஜினைப் பிடித்துக்கொண்டு, கரையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தபடி உன் அப்பா. நான் திரையைக் கட்டிக்கொண்டு அழுதேன். முருகேசன் ஓடிவந்தான், செல்வம் வந்தான், தெருவே வந்தது. "தெக்க போயிருக்காரு மச்சான். கோட்டப் பாத்துப் போயிருக்காரு. எங்கயோ கணக்குல காட்டாம வச்சிருக்காங்ய" என்று முருகேசன் கத்தினான். அதுவரை மற்றப் பக்கமெல்லாம் தேடிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் தெற்கே திரும்பினார்கள். நீ ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தாய். சொல்ல வாயெடுத்தாய் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கூட்டத்தில், அத்தனை சந்தோஷத்தில், யாரும் உன் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் காலையில் லீவு இல்லை என்று சொல்லிவிட்டு அறந்தாங்கி பஸ்ஸில் ஏறினாய்.

உன் மாமா முதல் தடவை போய் வந்த கதை உன் காதுக்கு வந்திருக்கும், அதற்குப் பிறகுதான் நீ போனை எடுப்பதை நிறுத்தினாய். எல்லைக்கோட்டை ஒட்டிப் போய், அங்கே மீன்பிடிக்கிறவர்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறான். அவர்களுக்கும் தமிழ்தான், பார்த்ததில்லை என்றிருக்கிறார்கள். திரும்பும்போது காற்றில் மாட்டி, என்ஜின் நின்று, வேறொரு படகுதான் கட்டி இழுத்துவந்தது. அவன் வருகிறவரை நான் துறைமுகத்திலேயே கிடந்தேன். அங்கே உன் படத்தைப் பெரிய ஃபிளக்ஸாக அடித்து, மேலே 'காணவில்லை' என்று எழுதிக் கட்டியிருக்கிறார்கள். விடிந்து சூரியன் கடலில் இருந்து கிளம்பியது. கரையை ஒட்டி வலை போடுகிற படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தெரிந்த ஆட்கள்தான், ஆனால் யார் எவர் என்று அடையாளமே தெரியவில்லை. எல்லோரும் கருப்பாகத் தெரிந்தார்கள், எல்லோருக்கும் முதுகுதான் தெரிந்தது. அப்படியே ஃபிளக்ஸைத் திரும்பிப் பார்த்தேன். சூரியன் அவருக்குப் பின்னால் இருக்கிறது, முகத்திலோ மஞ்சள் வெயில் அடிக்கிறது. அது ஊர்ப் பக்கமிருந்து அடிக்கிற சாயங்கால வெயில், தம்பி. உன் உருண்டையில் விழுந்த வெயில். அந்தச் சிரிப்பும் எனக்குத் தெரிந்த சிரிப்பு. அன்று திரையில் அவர் பார்த்துக் கேலி செய்த அதே சிரிப்பு.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. கடலுக்குப் போகிறவரை நாம் பின்னால் கூப்பிடுவதில்லை, போகிறவரும் கரையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. உன் அப்பா இதில் எவ்வளவு கெட்டி என்று உனக்குத் தெரியும். ஒரு தடவை சோற்று வாளியை மறந்து வைத்துவிட்டுப் படகை எடுத்துவிட்டார். நான் கூப்பிடவும் முடியாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஓடினேன். அவர் திரும்பவே இல்லை, அன்று முழுக்கப் பட்டினி கிடந்தார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து கடலுக்குப் போகும்போது அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. நீயும் பார்த்ததில்லை. அந்த மனிதனைப் போய்த் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டாயே! உனக்கு அவர் முகம் வேண்டும். எனக்கும் வேண்டும். ஊருக்கும் வேண்டும். அதனால்தான் ஒரு துறைமுகத்து ஆட்கள் முழுக்க, தினமும் கடலுக்குப் போகிறவர்கள், அந்தப் படத்தைப் பார்த்தும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

கரையில் கால் வைத்த முருகேசனிடம் அங்கேயே சொன்னேன். வெளிச்சத்தைக் காட்டினேன், முகத்தைக் காட்டினேன், உருண்டைக் கதையைச் சொன்னேன். "ஏக்கா, ஒனக்கு என்ன தெரியும்? கம்ப்யூட்டர்ல உள்ள இருந்தத எடுத்தேன்னு தம்பியே சொல்லியிருக்கான். ஒரு நாளும் திரும்பாத மச்சான் திரும்பிப் பாக்குறாருன்னா என்ன அர்த்தம்? நம்மளக் கூப்புடுறாருக்கா" என்றான். நான் எதைக் கொண்டு பொய் என்று சொன்னேனோ, அதையே அவன் சாமி வாக்கு மாதிரி பிடித்துக்கொண்டான். அதற்குமேல் நான் என்ன செய்ய? காலில் விழுந்தேன், அக்கா நான் என் தம்பி காலில் விழுந்தேன். "அக்காவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றான். போகக் கூடாது என்று மீன்துறையில் சொன்னதையும் கேட்கவில்லை. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவன் பெண்டாட்டி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். பேசினால் என்ன சொல்லிவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். உன்னைக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நீ எங்கே உட்கார்ந்து என்ன நினைத்துக்கொண்டிருப்பாய் என்பதும் தெரியும். தேடுகிறவர்களைத் தப்பான பக்கம் அனுப்பிவிட்டேன், அப்பாவை நானே கொன்றுவிட்டேன் என்று நினைப்பாய். அப்படி நினைக்காதே. உன் படம் வந்தபோதே அவர் போய் நாலைந்து நாளாகிவிட்டது. அந்தச் சின்னப் படகில், அந்தக் காற்றில், அத்தனை நாள் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது. இது செல்வத்துக்குத் தெரியும், முருகேசனுக்கும் உள்ளுக்குள் தெரியும், எனக்கும் தெரியும். நீ இல்லை என்று சொன்னபோது உன்னைக் கண்ட வார்த்தை பேசி, இருக்கிறது என்று சொல்ல வைத்தவள் நான். வேலையை விட்டுவிடாதே. உன் அப்பாவுக்கு அந்த வேலை மேல் எத்தனை பெருமை என்று உனக்குத் தெரியாது, பஸ் கண்டக்டரிடமெல்லாம் சொல்லுவார். நாளைக்கு உனக்கும் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும், உன்னிடமும் யாராவது இப்படி அழுது கேட்பார்கள். எவ்வளவு அழுதாலும் இல்லாததை இருக்கிறது என்று சொல்லாதே. அழுகிறவளைப் பிடித்துக்கொள், அது போதும். அந்த இரண்டு நாளும் என் தலைமாட்டில் நீ உட்கார்ந்திருந்தாயே, அதைவிட ஒரு பிள்ளை செய்யக்கூடியது எதுவும் இல்லை. எனக்குத்தான் அது போதவில்லை.

செல்வம் எடுத்த போட்டோவை நீ அழித்திருக்க மாட்டாய் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. மூலத்தின் மேல் எழுதாதவன் நீ. அதை அப்படியே, வெள்ளையாகவே, எல்லா குரூப்பிலும் போடு. பக்கத்திலேயே உன் படத்தையும் போட்டு, இதை நான் செய்தேன் என்று எழுது. ஊர்க்காரர்களே, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வெள்ளைக்குள் படகும் இல்லை, ஆளும் இல்லை. என் மகன் முதலில் சொன்னதுதான் நிஜம். இதை எழுதினால் நான் என்ன ஆகிறேன் என்று எனக்குத் தெரியாமல் எழுதவில்லை. இன்று காலையிலும் குளித்துவிட்டுப் பொட்டு வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஒருவர் போனது போதும், இன்னொருவரை அனுப்ப என் உடம்பில் தெம்பு இல்லை.

முருகேசன் டீசல் கேனைப் படகில் ஏற்றிவிட்டு இப்போதுதான் வந்தான். அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். போன் அவன் சட்டைப் பையில் இருக்கிறது. எனக்குக் கூப்பிட வேண்டாம், தம்பி. என்னிடம் மன்னிப்பும் கேட்க வேண்டாம், அழவும் வேண்டாம். அவனைக் கூப்பிடு. அன்று எனக்குச் சொன்னாயே, அதே வார்த்தையை மாற்றாமல் சொல்: "உள்ள ஒண்ணும் இல்ல மாமா." ஸ்பீக்கரில் போடச் சொல்கிறேன். நானும் நின்று கேட்டுவிடுகிறேன்.

அம்மா